ஜானவாசக் காருக்கு எக்ஸ்ட்ரா இன்ஷூரன்ஸ்

அன்று சாயங்காலம் அந்தத் திறந்த காரைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காருக்குள் மாப்பிள்ளை. முன் சீட்டில் எங்கள் கம்பெனி டிரைவர் ஷிண்டே. காருக்கு முன்னால் நாகஸ்வரக்காரர்களும் இரு வீட்டாரும், அவர்களோடு பெண்ணின் அப்பா வைத்தியநாதனும் நடந்து போனார்கள். இரண்டு பக்கமும் தலையில் காஸ் லைட் சுமந்த ஆட்கள். அவர்களில் ஒருவர் தாராவியில் எங்கள் சந்திலேயே குடியிருந்த இசக்கியண்ணன். காரின் பின் பம்பரை ஒட்டியபடி, வாடகைக் கம்பெனியின் குமாஸ்தாவாக நான்.

இல்லாதவர்கள் இரண்டு பேர். எங்கள் மேனேஜர் மணி சார் இந்த மாதிரி ஊர்வலங்களுக்கு வருவதே கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் திங்கட்கிழமைதான் வந்தார். ஆனால் அன்று என்ன நடந்தது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த இரண்டு பேர்தான். ஷிண்டேயைக் கேட்டால், தன் கண் ரோட்டில் இருந்தது, முதுகுக்குப் பின்னால் நடந்தது தனக்கு எப்படித் தெரியும் என்று கையை விரித்துவிட்டான். மீதி இருந்தவர்களில் அவர்கள் கூப்பிட்டுக் கேட்கக்கூடியவன் நான் ஒருவன்.

இதை இப்போது எழுதக் காரணம், நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண். இப்போது அவள் விமான நிலையத்தில் வாடகைக் கார் கவுண்டரில் இருக்கிறாள். கூடுதல் இன்ஷூரன்ஸ் விஷயமாகத் தினமும் யாராவது வந்து கத்துகிறார்களாம். வேண்டும், வேண்டாம் என்று கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் தொட்டது யார் என்று சண்டை. "உங்க காலத்துல இதெல்லாம் இருந்திருக்காது இல்ல சார்?" என்றாள். இருந்தது. கட்டம்தான் இல்லை. அதன் இடத்தில் நான் இருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.சி. வரை முடித்தவன் நான்தான். அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தார். முனிசிபல் பள்ளியில் தமிழில் படித்து, மாதுங்காவில் டைப் கற்று, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருந்த அந்தக் கார் வாடகைக் கம்பெனியில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். தற்காலிகம் என்ற சொல்தான் அந்த வருஷம் முழுக்க என் வயிற்றில் உட்கார்ந்திருந்தது. எந்தச் சனிக்கிழமையும் 'திங்கள் வர வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். கம்பெனி ஒரு குஜராத்தி சேட்டுடையது. அவர் ஊரின் தென்கோடியில், கோட்டைப் பகுதியில் இருந்தார், நாங்கள் அவரைப் பார்ப்பது தீபாவளிக்கு. எங்களுக்கு எல்லாமே மணி சார்.

பாலக்காட்டுக்காரர். மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, தும்பைப்பூ வேட்டி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் தணியும், அப்போது நாம்தான் குனிந்து கேட்க வேண்டும். வேலையை மூன்று விஷயமாகச் சொல்லிக்கொடுத்தார். வண்டி வெளியே போகுமுன் வாடகைக்கு எடுப்பவரோடு அதை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு கீறல், நசுங்கலைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். வாடகைக்காரர் அந்த வட்டத்துக்குள் விரலை வைத்துத் தொட வேண்டும். கண்ணால் பார்த்ததை மனுஷன் மறப்பான், விரலால் தொட்டதை மறுக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. உண்மைதான். பெரிய பெரிய ஆபீசர்கள்கூட மட்கார்டைத் தொட்டுவிட்டுப் பிள்ளைகள் மாதிரி விரலைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது விஷயம், வாடகைக்கு எடுப்பவரிடம் எக்ஸ்ட்ரா இன்ஷூரன்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நான் அவருக்கு முன்னால் பத்து நாள் ஒப்பித்துக் காட்டினேன். "வண்டிக்குச் சேதம் வந்தால் முதல் ஐந்நூறு ரூபாய் உங்கள் பொறுப்பு. ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கட்டினால் அந்தப் பொறுப்பு இல்லை. சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றினால் அந்தக் கூடுதல் செல்லாது, மொத்தச் சேதமும் உங்கள் தலையில்." இதே வரிசையில், இதே சொற்களில், கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. வற்புறுத்தக் கூடாது.

இதைச் சொன்னதும் ஆளுக்கு ஒரு மாதிரி. காட்கோபர் வியாபாரி ஒருவர், "நான் இருபது வருஷமா ஓட்டறேன்" என்று பத்து ரூபாயை மறுத்துவிட்டு, பூனா போய் மட்கார்டு தொங்கத் தொங்கத் திரும்பி வந்தார். இறங்கினதும் பையில் கைவிட்டுப் பத்து ரூபாயை எடுத்து, "சரி, இப்ப எழுதிக்கோ" என்றார். செம்பூர் டாக்டர் ஒருவர் எல்லாப் பயணத்துக்கும் எக்ஸ்ட்ரா கட்டுவார். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. ஒருநாள் வந்து, அத்தனையையும் திருப்பிக் கொடுங்கள் என்று உட்கார்ந்துகொண்டார். உங்களுக்கு வராத காய்ச்சலுக்கு நீங்கள் மருந்து கொடுத்ததுண்டா டாக்டர் என்று மணி சார் மெல்லக் கேட்டு அனுப்பிவைத்தார்.

மூன்றாவது விஷயம் காபி. தகராறு என்று யார் வந்தாலும் மணி சார் பக்கத்து உடுப்பி ஹோட்டலைப் பார்த்து, "ரெண்டு நல்ல காபி" என்பார். அந்தக் காபி வராது. வந்தவர் பேசிக்கொண்டே வாசலைப் பார்ப்பார். பேச்சில் ஒரு கண், காபியில் ஒரு கண் என்றிருந்தால் கோபம் எவ்வளவு நேரம் நிற்கும்? கடைசியில் அவர் பணத்தை எடுத்து வைத்த பிறகு மணி சார் ஜன்னல் வழியாகக் கையைத் தூக்குவார். உடனே காபி, நுரையோடு. ஹோட்டலில் பரிமாறுகிறவருக்கு எல்லாம் தெரியும். 'நல்ல' என்றால் கை தூக்கும் வரை காத்திருக்க வேண்டும். வெறும் "ரெண்டு காபி" என்றால் அந்த நிமிஷமே வந்துவிடும். அது சேட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் மட்டும்.

கம்பெனியில் ஒரே ஒரு திறந்த கார் இருந்தது. நீல நிறம், பின்னால் மடித்து வைக்கும் கான்வாஸ் கூரை, சிவப்புத் தோல் சீட். மாதுங்காவிலும் செம்பூரிலும் நடக்கும் ஐயர் வீட்டுக் கல்யாணங்களுக்கு அதுதான் போகும். கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோட்டும் மாலையுமாக அதில் உட்கார வைத்து, மேளதாளத்தோடு கோவிலிலிருந்து சத்திரம் வரை அழைத்து வருவார்கள். அதுதான் ஜானவாசம். செலவு பெண் வீட்டாருடையது. அந்த ஊர்வலத்தில் ஒரு வழக்கம். தெருவில் இருக்கிற குழந்தைகள் எல்லாம் மாப்பிள்ளையோடு காரில் ஏறிக்கொள்ளும். சொந்தம், அசல் என்று பார்க்க மாட்டார்கள். ஏறு என்று சொல்வதும் இல்லை, இறங்கு என்று சொல்வதும் இல்லை. குழந்தை ஏறாத ஜானவாசக் கார் என்றால் பார்ப்பவர்களுக்கே ஒரு மாதிரி இருக்கும்.

டிரைவரைத் தவிர ஐந்து பேர் சீட் அந்தக் காருக்கு.

சேர்ந்த கொஞ்ச காலத்தில் எனக்கு இது உறைத்தது. "சார், ஜானவாசம்னா ஆள் கூடத்தானே செய்யும்? அப்ப அந்தப் பத்து ரூபாய் எந்த ஜானவாசத்துக்குமே செல்லாதே" என்று கேட்டேன். மணி சார் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "நீ மூணாவது வாக்கியம் சொல்றியோ இல்லியோ?" என்றார். சொல்கிறேன் என்றேன். "அப்பறம் என்னாக்கும்?" என்றார். அதோடு சரி.

வைத்தியநாதன் செம்பூரில் இருந்தார். கோட்டையில் ஒரு பெரிய ஆபீசில் குமாஸ்தா, ஓய்வுக்குச் சில வருஷம் பாக்கி, மூத்த பெண்ணின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் திறந்த கார்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். வாடகையைக் கேட்டதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நான் மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். முதல் வாக்கியத்தில் ஐந்நூறு என்று வந்ததும் அவர் முகம் வெளுத்தது. மற்றதெல்லாம் அவர் காதில் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம், அதனால் மூன்றாவதை இன்னொரு தடவை சொன்னேன். தலையை ஆட்டினார். "பத்து ரூபா போனாப் போறது தம்பி. நிம்மதியா இருக்கணும்" என்று கட்டினார். சனிக்கிழமை வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டார். கடைசி வட்டத்தைத் தொட்டுவிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாக்பீஸ் பொடி இமையில் ஒட்டியிருந்தது.

திறந்த காரோடு ஒரு குமாஸ்தா நடந்து போக வேண்டும் என்பது விதி. கோவில் வாசலில் மாப்பிள்ளை ஏறியதுமே குழந்தைகள் ஏறத் தொடங்கின. ஐந்தானதும் நான் போய் மெல்லச் சொன்னேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையன்கள் நாலு பேர் மடித்துவைத்த கான்வாஸ் மேல் ஏறி உட்கார்ந்தபோது மறுபடி சொன்னேன். மாப்பிள்ளையின் மாமா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொழந்தைகள் ஏறாம என்னய்யா ஜானவாசம்? உம்ம கார் என்ன கண்ணாடியா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வைத்தியநாதனைத் தேடினேன். அவர் முன்னால், சம்பந்திக்குப் பக்கத்தில், கையைக் கட்டியபடி நடந்துகொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டிருந்தாலும் சம்பந்தி வீட்டுக் குழந்தையை அவர் எப்படி இறக்குவார்?

நான் பம்பரை ஒட்டியே நடந்தேன். எண்ணிக்கொண்டே போனேன். மாப்பிள்ளையோடு பதினொன்று.

இசக்கியண்ணன் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். பகலில் அப்பாவோடு கிடங்கு வேலை, முகூர்த்தக் காலத்தில் சாயங்காலம் லைட் சுமக்கப் போவார். தலையில் சும்மாடு, அதன்மேல் லைட், ஒரு கையால் அடியைப் பிடித்திருப்பார். என்னைப் பார்த்து, "என்னலே, ஆபீசரு காருக்குக் காவலா?" என்றார். நான் சிரித்தேன்.

திருப்பத்தில் கார் நின்றது. நாகஸ்வரக்காரர் ஏதோ எல்லாருக்கும் தெரிந்த பாட்டை எடுத்தார். கான்வாஸ் மேல் இருந்த பையன்கள் எழுந்து நின்று குதித்தார்கள். கூரையின் இரும்புச் சட்டம் பக்கவாட்டில் மடங்கியது. பையன்கள் சரிந்தார்கள். அவர்களில் ஒருவன் விழாமல் இருக்கக் கைக்கு எட்டியதைப் பிடித்தான். எட்டியது இசக்கியண்ணன் தலையிலிருந்த லைட்.

லைட் பின் சீட்டில் விழுந்தது. கண்ணாடி உடைந்து கான்வாஸ் பற்றிக்கொண்டது. மாப்பிள்ளை அந்தப் பக்கமாகக் குதித்தார். நான் கைக்கு வந்த குழந்தைகளைத் தூக்கித் தரையில் விட்டேன். அதற்குள் இசக்கியண்ணன் காருக்குள் பாதி உடம்பை நுழைத்து, எரியும் லைட்டை வெறும் கையால் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். யாரோ அங்கவஸ்திரத்தால் அடித்தார்கள், யாரோ பக்கத்துக் கடையிலிருந்து குடத்தோடு தண்ணீர் கொண்டுவந்தார்கள். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீட் கருகிவிட்டது. கூரை பாதி போய்விட்டது. மாப்பிள்ளை மீதித் தூரத்தை நடந்தே போனார், மாமா வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்.

சேதம் வந்தால் அதற்கும் வட்டம் போட வேண்டும் என்பது மணி சார் விதி. சாக்பீஸை எடுத்துக் குனிந்தேன். கருகிய சீட்டுத் தோலில் சாக்பீஸ் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சேதத்துக்கு வைத்தியநாதனின் கையெழுத்து வாங்கச் சத்திரத்துக்குப் போனேன். தாலி கட்டி முடிந்திருந்தது. அவர் என்னைச் சமையற்கட்டுப் பின்பக்கம் அழைத்துப் போய், தானே காபி கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரி தூங்கவில்லை என்று கண் சொன்னது. சம்பந்தி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஷிண்டே அவரிடம் எதையோ சொல்லியிருக்க வேண்டும், வெளி ஆளால் வந்த விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கொடுக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"தம்பி, உன்னை ஒண்ணு கேக்கறேன். அந்த லைட்டுக்காரன் தடுக்கி விழுந்தான்னு சொல்லிட்டாப் போறது. அவனை யார் என்ன செய்யப் போறா? அவன்கிட்ட எடுத்துக்க என்ன இருக்கு?" என்றார்.

கெட்ட மனுஷன் இல்லை. அதட்டிக் கேட்கவும் இல்லை. என் தோளைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"அவருக்கு வலது கை வெந்துபோச்சு சார்" என்றேன். இசக்கியண்ணன் எங்கள் சந்து என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்காகப் பேசுகிறேன் என்று ஆகியிருக்கும். வைத்தியநாதன் கையெழுத்துப் போட்டார். நான் காபியை முழுக்கக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் இசக்கியண்ணன் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் கையில் மருந்து வைத்துக் கட்டியிருந்தார்கள். அப்பா பீடியைப் பற்றவைத்து அவர் வாயில் வைத்தார். உடைந்த லைட்டுக்காக, லைட் வாடகைக் கடைக்காரர் பதினெட்டு ரூபாயைக் கூலியில் பிடிக்கப்போகிறாராம். அது பற்றி அண்ணன் அவ்வளவாகப் பேசவில்லை. அவருக்கு வேறு பயம்.

"நான் தடுக்கி விழுந்தேன்னு அவிய எழுதிட்டா, லைட்டுக் கடையில பொறவு கூப்பிட மாட்டாவ. காருக்கும் நீ குடுன்னு போலீசக் கூட்டிட்டு வருவாவ. எங்கிட்ட எடுத்துக்கிட என்னலே இருக்கு?"

காலையில் கேட்ட அதே சொல். பார்த்ததைத்தான் சொல்வேன் என்றேன்.

"ஆபீஸ்காரன் வாயில நம்ம பேரு வந்தா வெளங்குமா?" என்று அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். பாதி கேலி, பாதி இல்லை.

அப்பா பீடியை அண்ணன் வாயிலிருந்து எடுத்துச் சாம்பலைத் தட்டிவிட்டு, "வேல போயிருமால?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "போனாப் போவுது. கெடங்குல ஆள் எடுக்காவ" என்றார். என்னைக் கிடங்கு வாசலை மிதிக்க விடக்கூடாது என்றே என்னைப் படிக்க வைத்த மனிதர் அவர். அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

திங்கட்கிழமை மணி சார் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். காரைச் சுற்றிப் பார்த்திருந்தார் என்று விரலில் இருந்த கரி சொன்னது. நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே விரலை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வெளி ஆள் தவறு என்றால் இன்ஷூரன்ஸ் முழுப் பணமும் கொடுத்துவிடும், சேட்டுக்குக் கேள்வி இருக்காது, வைத்தியநாதனோடு தகராறும் இருக்காது. ஆள் கூடிப்போனதால் என்றால் இன்ஷூரன்ஸ் கையை விரிக்கும், பணத்தை நாங்கள் வைத்தியநாதனிடம் வசூலிக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவர் சொன்னது இவ்வளவுதான். "சர்வேயர் கேப்பார். பார்த்ததைச் சொல்லு, கேட்டியா? நன்னா ஆலோசிச்சு, பார்த்ததைச் சொல்லு." குனிந்து கேட்க வேண்டிய குரலில் சொன்னார்.

அந்த 'ஆலோசிச்சு' எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று காலை முழுக்க டைப் அடித்ததெல்லாம் தப்பு.

சர்வேயர் ஒரு மராத்திக்காரர், பருமனான உடம்பு. வெயிலில் வந்த களைப்பில் கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றியிருந்தார். காரைப் பார்த்தார், சட்டத்தை ஆட்டிப் பார்த்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார். ஹிந்தியில் கேட்டார், ஹிந்தியிலேயே சொன்னேன். லைட்டுக்காரன் தடுக்கினானா என்றார். இல்லை என்றேன். நீ கண்ணால் பார்த்தாயா என்றார். பார்த்தேன், நான் பம்பர் பக்கத்தில்தான் இருந்தேன் என்றேன். காரில் எத்தனை பேர் என்று கேட்டார்.

மணி சார் மேஜையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது எனக்குக் கேட்டது.

மாப்பிள்ளையோடு பதினொரு பேர் என்றேன். பையன்கள் கூரைமேல் நின்று குதித்தார்கள், சட்டம் மடங்கியது, ஒருவன் லைட்டைப் பிடித்துக்கொண்டான், லைட்டுக்காரர்தான் கையால் அதை வெளியே இழுத்துப் போட்டார் என்றேன். சர்வேயர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு மணி சாரிடம், இந்தப் பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது, வேலை போகும் என்ற பயமே இல்லை என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டினார்.

அவர் போன பிறகு மணி சார் மறுபடி எழுத உட்கார்ந்தார். முடிவு தெரிய ஒரு வாரம் ஆயிற்று. தினமும் சாயங்காலம், நாளைக்கு வர வேண்டாம் என்பாரா என்று மேஜையை மெதுவாக ஒதுக்கி வைத்துக் காத்திருப்பேன். "போ, நேரமாச்சு" என்பார். அவ்வளவுதான்.

இன்ஷூரன்ஸ் மறுத்துவிட்டது என்று தெரிந்ததும் வைத்தியநாதனை வரச் சொன்னோம். சேதம் அறுநூறைத் தாண்டியிருந்தது. அவர் ஆபீசிலிருந்து நேரே வந்திருந்தார். மணி சார் ஜன்னலைப் பார்த்து, "ரெண்டு நல்ல காபி" என்றார். நான் என் மேஜையில் தலையைக் குனிந்துகொண்டேன்.

எக்ஸ்ட்ரா கட்டினேனே என்றுதான் வைத்தியநாதன் தொடங்கினார். எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள். மணி சார் என் பக்கம் திரும்பி, மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் சார், இரண்டு தடவை சொன்னேன் என்றேன்.

வைத்தியநாதன் வாசலைப் பார்க்கவே இல்லை. காபி என்று ஒன்று வரப்போகிறது என்ற நினைவே அவருக்கு இல்லை. என்னைப் பார்த்தார்.

"சொன்னான். பொய் சொல்லலை. ரெண்டு தரம் சொன்னான்" என்றார். பிறகு மணி சாரிடம் திரும்பினார். "நான் உங்ககிட்ட வந்து என்ன சொன்னேன்? பிக்னிக் போறேன்னு சொன்னேனா? ஜானவாசம்னு சொன்னேன். நீங்களும் நம்ம ஜனம்தானே. கொழந்தை ஏறாத ஜானவாசம் எங்கயாவது பாத்திருக்கேளா? உங்க ஜானவாசத்துல எத்தனை கொழந்தை ஏறித்து?"

மணி சார் மேஜைமேல் இருந்த ரசீதுப் புத்தகத்தை மூடினார்.

"நான் அறியாமக் கட்டினேன். நீங்க தெரிஞ்சே வாங்கினேள்" என்றார் வைத்தியநாதன். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மணி சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். என்ன நினைத்தாரோ தெரியாது. அவருடைய ஜானவாசத்தையா, சேட்டையா, இத்தனை வருஷமாக வாங்கிய பத்துப் பத்து ரூபாயையா? பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு காபி" என்றார்.

ஹோட்டல்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சரியாகக் கேட்டோமா என்று அவருக்கே சந்தேகம். மணி சார் இன்னொரு தடவை அதையே சொன்னார். காபி உடனே வந்தது.

அதற்கப்புறம் பேச்சு அதிகம் இல்லை. கூரையின் சட்டம் ஏற்கெனவே பழசு என்று மணி சாரே எடுத்துக்கொடுத்தார், அதைக் கம்பெனி ஏற்றது. சேட்டிடம் அவர் எப்படிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது, இரண்டு நாள் கோட்டைக்குப் போய்வந்தார். வைத்தியநாதனின் பங்கு முந்நூற்றைம்பது என்று முடிவாயிற்று, அதுவும் மாதத் தவணையில். பத்து ரூபாயைத் திருப்பித் தர முடியவில்லை. ரசீது போட்டது போட்டதுதான் என்று சேட் சொல்லிவிட்டாராம்.

அந்த முகூர்த்தக் காலத்திலேயே இன்னொரு ஜானவாசம் பதிவாக வந்தது. நான் மூன்று வாக்கியத்தைத் தொடங்கினேன். முதல் வாக்கியம் முடிந்ததும் மணி சார் தலையைத் தூக்காமல், "போறும்" என்றார். அதன்பின் திறந்த காருக்கு எக்ஸ்ட்ரா கேட்டதில்லை. அதற்குப் பதில், முன்பணத்தைக் கூட்டி வாங்கி, சேதம் இல்லையென்றால் மறுநாளே முழுக்கத் திருப்பிக் கொடுத்தோம். ஒருவர்கூடத் தகராறு செய்யவில்லை. வருஷக் கடைசியில் என் பேருக்கு முன்னால் இருந்த 'தற்காலிகம்' போயிற்று. அதைப் பற்றியும் மணி சார் எதுவும் சொல்லவில்லை.

வைத்தியநாதன் மாதா மாதம் செம்பூரிலிருந்து பஸ் ஏறித் தானே வந்து தவணையைக் கட்டுவார். மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, ரசீதை மடித்துக்கொண்டே, "அந்த லைட்டுக்காரனுக்குக் கை எப்படி இருக்கு, தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் சார், எங்கள் சந்துதான், விரல் இரண்டு சரியாக மடங்கவில்லை, மற்றபடி வேலைக்குப் போகிறார் என்றேன்.

அவர் ரசீதைச் சட்டைப் பையில் வைக்க இரண்டு தடவை முயன்றார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். பிறகு, "நான் கேட்டதை மறந்துடு" என்றார்.

மறந்துவிட்டேன் சார் என்றேன். அவர் இருந்த வரையில் இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை, மணி சாரும் இல்லை.

கவுண்டரில் இருக்கும் அந்தப் பெண் கடைசியில் ஒன்று கேட்டாள். அவ்வளவு சண்டைக்கு அப்புறம் அது அவர்களுக்கு எவ்வளவில்தான் முடிந்தது சார் என்று. வைத்தியநாதன் வீட்டுக்கு முந்நூற்று அறுபது ரூபாய், நிம்மதிக்கென்று கட்டிய பத்தையும் சேர்த்து. இசக்கியண்ணனுக்குப் பதினெட்டு ரூபாய், அது போக அன்றைய கூலியும்.